முதுகைக் காட்டாத கோட்டு

டுவேன் காலையிலிருந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தான், அதுவும் சம்பளத்துக்கு.

லிப்னிக் ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, ஊரின் நூற்றாண்டு விழாவை ஒட்டி 'முப்பதுகளின் பேரழகன்' என்று ஒரு போட்டி நடக்கிறது, உங்கள் வீட்டு ஆண்பிள்ளையின் பழைய படம் ஒன்று கொடுங்கள், சாயங்காலம் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அப்படி ஒரு போட்டி நெப்ராஸ்கா மாநிலத்தில் மட்டுமல்ல, எங்குமே கிடையாது. ஆனால் தன் புருஷன்தான் அழகன் என்று ஊருக்கு நிரூபிக்க ஒரு சந்தர்ப்பம் வாசல் தேடி வந்தால் யார் விடுவார்கள்? பீரோ திறந்தது, டிரங்குப் பெட்டி திறந்தது, இரண்டு வீட்டில் சூடாகக் காப்பியும் கேக்கும்கூட வந்தன. மதியத்துக்குள் அவன் கையிலிருந்த காக்கி உறை விருந்துச் சாப்பாடு முடித்தவன் வயிறு மாதிரி உப்பிவிட்டது.

யோசனை ஆர்டிஸுடையது. ஆர்டிஸ் குச்சேரா மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது விதைக்கடை மாடியில் தனியார் துப்பறியும் நிலையம் வைத்திருக்கும் அம்மாள். ஐம்பத்து நாலு வயது, ஆண்களின் தொப்பி, அதிகம் பேசாத வாய். ஆண்களிடம் போய்க் கேட்டால் மறைப்பார்கள், பெண்களிடம் பெருமையடிக்க ஒரு காரணம் கொடுத்தால் போதும் என்றாள். அவளுடைய உதவியாளன் டுவேனுக்கு முப்பத்தொரு வயது. முன்பு பழைய கார் விற்றவன் என்பதால் பொய் அவனுக்குச் சரளமாக வரும்.

வழக்கு காலையில்தான் வந்திருந்தது. கொண்டுவந்தவள் அல்பினா கோபெக்கி, ஊரின் ரொட்டிக் கடைக்காரி, அறுபதை நெருங்கும் வயது. அவள் சொன்ன கதை ஊருக்கே தெரிந்த கதைதான்.

1936 ஜனவரி, ஐம்பது வருஷத்துக்கு முன்னால். மழையில்லாமல் சோளம் கருகி, ஊருக்கு ஊர் பேங்குகள் மூடிக்கொண்டிருந்த பஞ்ச காலம். லிப்னிக் பேங்கின் முதலாளி ஹெர்மன் வெஸ்ட்ஃபால், கழுத்தில் ரோமம் வைத்த தன் உயர்ந்த கோட்டைக் காணோம் என்று அறிவித்தார். அவருக்கு அப்படி ஒரு கோட்டு இருந்ததற்கு பேங்குச் சுவரிலேயே சாட்சி இருந்தது. ஆளுயரப் படத்தில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மிடுக்காக நின்றார், காலடியில் அவருடைய மூன்று கால் நாய். காலரின் இடது பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ரோமம் உதிர்ந்து ஒரு வழுக்கை. அந்த வாரமே யாரோ ஷ்ரைனர் ஸ்டுடியோவின் கண்ணாடி ஜன்னலில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் கவனித்தார்கள். தானியக் கிடங்கில் மூட்டை தூக்கும் எமில் கோபெக்கி, அதே கோட்டில், அதே வழுக்கையோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

ஷெரிஃப் எமிலின் வீட்டைப் புரட்டிப் போட்டார். பரணில் இல்லை, பன்றிப் பட்டியிலும் இல்லை. வழக்கு நிற்கவில்லை, ஆனால் தீர்ப்பை ஊர் சொல்லிவிட்டது. கிடங்கில் வேலை போயிற்று. ஒமாஹா நகரத்துக் கசாப்புத் தொழிற்சாலைக்குப் போனவன், சவப்பெட்டியில்கூட ஊர் திரும்பவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எந்தப் புண்ணியவானோ இதை ஒரு விளையாட்டாக்கினான். வருஷா வருஷம் ஜூலை விழாவில் ஒருவன் பழைய ரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டு பேங்கு வாசலிலிருந்து ரயில் கேட் வரை ஓடுவான்; ஊரே பின்னால் விரட்டிக்கொண்டு பிளம் ஜாம் பன்னை அவன் முதுகில் எறியும். 'கோட்டுத் திருடன் ஓட்டம்' என்று பெயர். அன்றைக்கு மட்டும் அல்பினா கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். இந்த வருஷ ஓட்டம் இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு.

"அது ஸ்டுடியோ கோட்டுன்னு அப்பா சொன்னாரு. சாகிற வரைக்கும் அதையேதான் சொன்னாரு," என்றாள் அல்பினா. "ஷ்ரைனர் இல்லைன்னுட்டான். எனக்குப் பணமும் வேணாம், மன்னிப்பும் வேணாம். எங்கப்பா திருடன் இல்லைன்னு அந்தத் தெருவுல நின்னு ஒருத்தர் சொல்லணும். அதுவும் இன்னைக்கே."

ஷ்ரைனர் 1938-லேயே கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். கோட்டும் அவனோடு போயிருக்கலாம், அடுப்புக்குள்ளும் போயிருக்கலாம். மிச்சம் இருந்தது படங்கள் மட்டும்தான்.

டுவேன் உறையோடு நூலகத்துக்குள் நுழைந்தபோது ஆர்டிஸ் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். விழாவுக்காக வாஷிங்டன் ஆவணக் காப்பகத்திலிருந்து வரவழைத்த படங்களைச் சுற்றிலும் மாட்டியிருந்தார்கள். பஞ்ச காலத்தில் ஊர் ஊராக அனுப்பப்பட்ட அரசாங்கப் புகைப்படக்காரி ஒருத்தி 1935 கடைசியில் லிப்னிக்கில் தங்கி எடுத்தவை. நிவாரண நிலக்கரிக்கு நிற்கும் வரிசை. மாவு மூட்டைத் துணியில் தைத்த கவுனோடு பள்ளிக்கூடம் போகும் பெண்கள். முட்டியில் ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு, கடனுக்குச் சவரம் செய்துகொள்ளக் காத்திருக்கும் பெரிய மனிதர்கள். தெருவோர பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்து பிஸ்கட்டைப் பங்கு போட்டுத் தின்னும் இரண்டு விவசாயிகள், பின்னால் கடைகள், ஓரமாக ஒரு நாய்.

ஆர்டிஸ் மேசையைக் காட்டினாள். டுவேன் உறையைக் கவிழ்த்தான்.

"பாஸ், நம்ம ஊருக்குப் பஞ்சம் வந்ததே சுத்தப் பொய்," என்றான். "எல்லாருமே ஜமீன்தாருங்க. பாருங்க."

முடிதிருத்துகிற லுட்விக், ரோமக் கோட்டில். சவப்பெட்டி செய்த ஹைனெக், ரோமக் கோட்டில். தபால்காரர், கொல்லர், பேண்டு வாத்தியத்தில் பெரிய மேளம் அடித்தவர் எல்லோரும் ரோமக் கோட்டில். எல்லார் முகத்திலும் ஊரை விலைக்கு வாங்கப் போகிறவனின் களை. எல்லாக் காலரிலும், இடது பக்கம், கட்டைவிரல் அகல வழுக்கை.

ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கோட்டுக்கு ஒரு கதை இருந்தது என்று டுவேன் விவரித்தான். லுட்விக்கின் மனைவி, அவர் அதை விதைச் சோளம் வாங்குவதற்காக விற்ற தியாகத்தைச் சொல்லிக் கண் கலங்கினாளாம். ஹைனெக் வீட்டில் அது வெள்ளத்தில் போயிற்றாம். தபால்காரர் வீட்டில் அந்துப்பூச்சி தின்றதாம். ஒரு கோட்டு இத்தனை விதமாகச் செத்து அவன் பார்த்ததில்லை.

"ஒரே ஊரு, ஒரே காலம்," என்றாள் ஆர்டிஸ். "சுவத்துல பாரு, எல்லாரும் ஒட்டுப் போட்ட துணி. மேசையில பாரு, எல்லாரும் ரோமக் கோட்டு. சுவத்துல இருக்கிறது அரசாங்கம் எடுத்தது. மேசையில இருக்கிறது அவங்களே காசு கொடுத்து எடுத்துக்கிட்டது. ஐரோப்பாவுல, பழைய நாட்டுல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு, நாங்க நல்லா இருக்கோம்னு அனுப்ப."

டுவேன் விளையாட்டாக இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். லுட்விக் விளக்குமாறு மாதிரி இருப்பார். ஹைனெக் தன் சவப்பெட்டி எதிலும் தானே அடங்காத ஆள். இருவருக்கும் கோட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. தையற்காரன் யாராக இருந்தாலும் தன் கல்யாணத்துக்கு அவன் வேண்டும் என்றான்.

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. எல்லாப் படங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இவர்களில் யாராவது பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார்களா, யாராவது கையைத் தூக்கியிருக்கிறார்களா என்று கேட்டாள். டுவேன் தேடினான். ஒருவர்கூட இல்லை. எல்லாரும் நேருக்கு நேர், கையை முன்னால் கோத்துக்கொண்டு, மூச்சுவிடவே பயந்த மாதிரி நின்றார்கள்.

"இந்தக் கோட்டோட முதுகை இதுவரைக்கும் யாருமே பார்க்கலை," என்றாள் ஆர்டிஸ்.

பிறகு சுவரிடம் திரும்பிப் போய், பூதக் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு படமாக மேய ஆரம்பித்தாள். பிஸ்கட் தின்னும் விவசாயிகள் படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றாள். அவளுடைய தோள் குலுங்கியது. டுவேன் பதறிவிட்டான், இத்தனை வருஷத்தில் அவள் அழுது அவன் பார்த்ததில்லை. கிட்டப் போனால் அம்மாள் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டத்தோடு படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். என்ன என்று அவன் கேட்டதற்கு, வா, ஓட்டம் ஆரம்பிக்கப் போகிறது என்று மட்டும் சொன்னாள்.

பேங்கு வாசலில் ஊர் கூடியிருந்தது. பன் கூடைகள் தயார். கோட்டு போட்ட இளவட்டம் ஒருவன் வெயிலில் வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றான். மேடையில், விழாத் தலைவர் மில்டன் வெஸ்ட்ஃபால் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹெர்மனின் மகன், அறுபத்தாறு வயது, பட்டுத் துண்டு, கையில் ஓட்டத்தைத் துவக்கும் துப்பாக்கி. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கேட்டு வளர்ந்த கதையை நம்பிச் சொல்கிறவர், அவ்வளவுதான். அல்பினா எதிர்ப்புறக் கடை வாசலில், இந்த வருஷம் பூட்டாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஆர்டிஸ் மேடையேறி, அழகன் போட்டியின் முடிவை அறிவிக்க வேண்டும், ஒரு நிமிஷம் கொடுங்கள் என்றாள். மில்டன் சந்தோஷமாகக் கொடுத்தார். டுவேன் ஒவ்வொரு படமாகத் தூக்கிக் காட்டினான். முதல் மூன்று படத்துக்குக் கைதட்டல் இருந்தது. நாலாவதுக்குக் குறைந்தது. ஆறாவது படம் வந்தபோது தெருவில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. எல்லார் கண்ணும் அந்த வழுக்கையிலேயே நின்றது.

"நாங்க பார்த்த வரைக்கும் இந்த ஊர்ல கோட்டுத் திருடங்க ஒரு டஜனுக்கு மேல," என்றாள் ஆர்டிஸ். "அப்படி இல்லேன்னா எமில் சொன்னதுதான் நிஜம். அது ஷ்ரைனர் கடை இரவல் கோட்டு."

மில்டன் ஒரு கணம் திகைத்தார். ஆனால் மேடைப் பழக்கம் உள்ளவர், சமாளித்துக்கொண்டார்.

"இதுல என்ன அதிசயம்? எங்கப்பா கோட்டைத் திருடின எமில், அதை ஸ்டுடியோவுல கொண்டுபோய் வித்திருக்கான். அப்புறம் ஊரே போட்டுக்கிட்டிருக்கு. அவன் நாம நினைச்சதைவிடக் கெட்டிக்காரனா இருந்திருக்கான்."

தெரு வெடித்துச் சிரித்தது. பாட்டன் திருடன் ஆகாமல் தப்பித்த நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. அல்பினாவின் முகம் வெளுத்துவிட்டது. டுவேனுக்குக் காலையிலிருந்து அடித்த அத்தனை கூத்தும் சேர்ந்து அவளுடைய அப்பனுக்கு இன்னொரு பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. வாயில் ஒரு நகைச்சுவையும் வரவில்லை.

ஆர்டிஸ் அவசரப்படவில்லை. கக்கத்திலிருந்த படத்தை எடுத்து, பூதக் கண்ணாடியோடு மில்டனிடம் நீட்டினாள். ஓரத்தில் படுத்திருக்கிற நாயை உங்களுக்குத் தெரிகிறதா என்று சாதாரணமாகக் கேட்டாள்.

மில்டன் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒலிபெருக்கி அவர் கையிலேயே இருந்ததை மறந்துபோனார்.

"ட்யூக். எங்க ட்யூக். அறுப்பு மெஷின்ல காலை விட்டுட்டு மூணு காலோட திரிஞ்சான், பாவம்."

"எதுக்கு அங்கே படுத்திருக்கான்?"

"அப்பா எந்தக் கடைக்குள்ள போனாலும் அவர் கூப்பிடுற வரைக்கும், இல்லேன்னா வெளிய வர்ற வரைக்கும், வாசல்லயே கிடப்பான். வேற யாருக்காகவும் இருக்க மாட்டான்."

"அது எந்தக் கடை?"

"ஷ்ரைனர்..." என்றவர், பெயர்ப் பலகையைப் படித்ததும் நிறுத்தினார்.

"கண்ணாடி ஜன்னலுக்கு உள்ள பாருங்க," என்றாள் ஆர்டிஸ்.

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டுவேன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஜன்னலுக்குள் ஒரு ஆள் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் ரோமக் காலர். அதற்குக் கீழே கோட்டு, பிடரியிலிருந்து அடிவிளிம்பு வரை நேராகக் கிழிக்கப்பட்டு, இரண்டு கதவு மாதிரித் திறந்து கிடந்தது. நடுவில் சட்டையும் கால்சட்டை வாரும் தெரிந்தன. ஒல்லியானவனுக்கு இழுத்துப் பிடிக்கலாம், குண்டனுக்கு விட்டுக் கொடுக்கலாம். பக்கத்தில் ஷ்ரைனர், துணி காயப்போடும் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இன்னொரு கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், அடுத்த முறைக்காக, வெறும் சட்டையோடு தலை வாரியபடி நின்ற ஒல்லி உருவத்தை யாராலும் அடையாளம் காண முடியும்.

டுவேன் பார்த்ததை உரக்கச் சொன்னான்; கோட்டைக் காணோம் என்று ஹெர்மன் சொல்வதற்கு முன்பே எடுத்த படம் இது என்று ஆர்டிஸ் சேர்த்துக்கொண்டாள். அத்தனை பேரும் லுட்விக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுபத்தைந்து வயதுக் கிழவர், கையில் பன்னோடு முன்வரிசையில் நின்றவர், பன்னை மெதுவாகக் கூடையில் திரும்ப வைத்தார்.

"அந்த ஜனவரியில ஹெர்மன் மெல்லிசுக் கோட்டோட நடுங்கிட்டு பேங்குக்கு வந்தாரு," என்றார். "படத்துல இருக்கிற கோட்டு எங்கேன்னு ஒருத்தன் கேட்டான். வித்துட்டாரு போல, பேங்கு போச்சுன்னு ஜனங்க பணத்தை எடுக்க வரிசை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. திருட்டுப் போயிடுச்சுன்னு அவர் சொன்ன பிறகுதான் எல்லாரும் வீட்டுக்குப் போனோம். எங்க பணமும் அதுலதான் இருந்துச்சு."

"எமிலுக்காக நீங்க ஏன் பேசலை?" என்றாள் ஆர்டிஸ்.

"பேசினா நானும் அதை இரவல் வாங்கினேன்னு ஒத்துக்கணும். ஷ்ரைனருக்கு பேங்குல கடன், அவனும் வாயைத் திறக்கலை. அந்தப் படத்தை அனுப்பித்தான் என் மாமனார்கிட்ட பொண்ணு கேட்டேன்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, அப்போது விதைச் சோளத்துக்காக விற்றது எந்தக் கோட்டு என்று கேட்டாள். அன்று ராத்திரி கிழவருக்குச் சாப்பாடு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மில்டன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எமில் கோபெக்கி திருடவில்லை, திருட்டுப் போக என் அப்பாவிடம் கோட்டே இருந்ததில்லை என்று, நாலு பேருக்குக் கேட்காமல் போய்விடக் கூடாதென்பதுபோல, இரண்டு தடவை சொன்னார். இனி இந்த ஓட்டம் நடக்காது என்றும் சொன்னார்.

அல்பினா தெருவைக் கடந்து வந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஓட்டத்தை ஏன் நிறுத்தணும்? இத்தனை வருஷமா ஆள் மாறிப் போச்சு, அவ்வளவுதானே. கோட்டைப் போட்டவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் ஓடட்டும். நான் எறியறேன்."

லுட்விக்கின் பெரிய பேரன் தலையைச் சொறிந்துகொண்டு ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு வந்தான். ஹைனெக் வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், மூவருமே பாட்டன் சாயல், தெரு சற்றுக் குறுகிப்போனது. கொல்லர் வீடு, தபால்காரர் வீடு. மில்டன் மேடையில் நின்றபடியே, இந்த முட்டியோடு நானுமா என்றார். அவர்தான் முன்னால் ஓட வேண்டும், மெதுவாக ஓடினால் தனக்கும் வசதி என்றாள் அல்பினா. அவர் பட்டுத் துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு இறங்கினார். தெருவோரத்தில் வேடிக்கை பார்க்க ஆண்பிள்ளைகளே இல்லாமல் போய்விட்டது.

டுவேனுக்கு இப்போதுதான் வாய் திரும்பியது. ஒலிபெருக்கியில் குதிரைப் பந்தயம் சொல்கிற மாதிரி ஒவ்வொருவரையும் வர்ணிக்க ஆரம்பித்தான். ஹைனெக் வீட்டார் ஓடினால் ரயில் கேட்டை முன்கூட்டியே திறந்து வைப்பது நல்லது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை இடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஒரு அம்மாள் வந்தாள். கையில் ஒரு பழைய புகைப்படம்.

"டுவேன், அழகன் போட்டி முடிஞ்சுபோச்சா?" என்றாள் அவனுடைய அம்மா. "பண்ணையிலிருந்து வர நேரமாயிடுச்சுப்பா. உங்க தாத்தா எவ்வளவு எடுப்பா இருக்காரு பாரு. இதுக்கே முதல் பரிசு கொடுக்கணும்."

ஆர்டிஸ் படத்தை வாங்கிப் பார்த்தாள். அல்பினாவிடம் காட்டினாள். பிறகு டுவேனின் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பதமாக வாங்கிக்கொண்டு, தெருவைக் கண்ணால் காட்டினாள்.

டுவேன் இறங்கிப் போய், மில்டனுக்குப் பக்கத்தில் நின்றான். துப்பாக்கி வெடித்தது. பிள்ளை எதற்கு ஓடுகிறான் என்று அவன் அம்மா யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. பத்தடி போவதற்குள் முதல் பன் வந்து அவன் பிடரியில் அப்பியது. ஜாம் இன்னும் சூடாக இருந்தது. பின்னால் அல்பினா வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. டுவேன் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்தான்.